ரெண்டு பேர் ஓட்டுற ஏரோப்ளேன்

மலர்: அசையாம பிடிங்க. பிளாஸ்திரி கோணலாப் போவுது.

கிருபா: போதும் மலர். ஏரோப்ளேனுக்கு ஆபரேஷன் பண்ணி வார்டுக்கு அனுப்புற மாதிரி இருக்குது.

மலர்: இன்னும் ரெண்டு பட்டை. இறக்கைக்கு அடியிலயும் ஒட்டணும்.

கிருபா: அடியில எதுக்கு? பருந்து மேலருந்துதானே வந்து அடிக்குது.

மலர்: பறக்கிறது மேலருந்து வரும். கூட்டுல குஞ்சை வச்சுனு உக்காந்திருக்கிறது கீழருந்துதானே பாக்கும்? அதுக்கும் தெரியணும் இல்ல, இது வேற சாமான்னு.

கிருபா: நர்ஸம்மா யோசிச்சா தப்பாவுமா...

மலர்: கிண்டல் வேணாம். யாரு இதுக்கு பிரவுன் கலர் அடிக்கச் சொன்னது உங்களை?

கிருபா: கம்பெனில ஸ்ப்ரே பண்ற எடத்துல கொஞ்சம் மிச்சம் இருந்துது. ஷூவுக்கு அடிக்கிற அதே கலர். வெறும் தெர்மாகோலா இருந்தா பொம்மை மாதிரி இருக்குதேன்னு...

மலர்: இப்போ பருந்து மாதிரி இருக்குது. வாலையும் ரெண்டாப் பொளந்து வச்சிருக்கீங்க.

கிருபா: அது டிசைன்.

மலர்: அதுக்கும் அதே டிசைன்தான் வாலு. நிமிந்து பாருங்க, அந்தா சுத்துது. ஆம்பூர் முழுக்க ஷூ பண்றவங்க இருக்காங்க, உங்களுக்கு மட்டும்தான் பருந்துக்கு ஒரு பங்காளி பண்ணணும்னு தோணிச்சு.

கிருபா: அதுக்குக் கோவம் ஜாஸ்தி. எந்தக் கலரா இருந்தாலும்...

மலர்: அதுக்கு இன்னா கோவம்? வீட்டுல ரெண்டு குஞ்சு, வாசல்ல தெரியாத ஆளு. நானா இருந்தாலும் வெளக்குமாத்தை எடுப்பேன்.

கிருபா: எடுத்திருக்கே.

மலர்: எப்போ?

கிருபா: எலக்ட்ரிக் பில்லு ஆளு வந்தப்போ.

மலர்: அவரு செருப்போட சமையக்கட்டு வரைக்கும் வந்தாரு... பேச்சை மாத்தாதீங்க. போன ஞாயித்துக்கிழமை இதோட மூக்குல சுத்துற காத்தாடி பட்டு ஒரு இறகு வெட்டுப்பட்டு விழுந்துதே, நீங்க அதைப் பாக்கல. நான் பாத்தேன். கத்திரிக்கோல்ல வெட்டின மாதிரி இருந்துது.

கிருபா: ரத்தம் இல்லன்னு நீதானே சொன்னே.

மலர்: ஒரு விரல்கடை தள்ளிப் பட்டிருந்தா இருந்திருக்கும். மிஷின்ல கை மாட்டினு வர்றவங்களை வார்டுல தினமும் பாக்கறவ நான். அதுக்கு யாருங்க தையல் போடுவாங்க? உங்களைச் சொல்லல.

கிருபா: சொன்னாலும் தப்பில்ல.

மலர்: சரி, கையைக் காட்டுங்க. இன்னிக்கு எப்படி இருக்குது?

கிருபா: எது? இதுவா... அப்படியேதான். கட்டை விரல் மரத்துப் போனாப்ல.

மலர்: மடக்குங்க பாப்போம்.

கிருபா: மடங்கல. பாரு.

மலர்: ம்... வலிக்குதா?

கிருபா: வலி கிடையாது. சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, அவ்ளோதான்.

மலர்: ரப்பர் பந்து அழுத்துறீங்களா, தெரபியில பிரிசில்லா சிஸ்டர் குடுத்தாங்களே?

கிருபா: டெய்லி அழுத்துறேன். அது ஒரு பக்கம் இருக்கட்டும் மலர்... நெஜமாவே இன்னிக்கோட நிறுத்திடலாம்னு சொல்றியா?

மலர்: பஸ்ல வரும்போதே சொன்னேன். இன்னிக்கு ஒரு தரம். அதுக்கப்புறம் அந்தக் குஞ்சுங்க பறந்து போற வரைக்கும் இத பீரோ மேல வச்சுடணும்.

கிருபா: அதுக்கு மே மாசம் ஆயிடும்.

மலர்: ஆவட்டும்.

கிருபா: இந்தக் காஞ்ச ஆத்துலயே கொஞ்சம் தள்ளிப் போய் ஓட்டலாம். பச்சகுப்பம் பக்கமா...

மலர்: அங்கயும் கூடு கட்ட தைல மரம் இருக்குது, அங்கயும் பருந்து இருக்குது. தோல் பதப்படுத்துற ஷாப்பு இருக்கிற எடத்துல எல்லாம் அது இருக்கும். நாமதான் பாத்துக்கணும்.

கிருபா: ரெண்டு மாசம், மலர்.

மலர்: இன்னா ரெண்டு மாசம்? எதுக்கு மூஞ்சி இவ்ளோ நீளமாப் போவுது?

கிருபா: ஒண்ணுமில்ல... டிராக்டர் சத்தம் கேக்குது. ஹமீத் பாய் வர்றாரு.

ஹமீத்: இன்னா கிருபா, வெள்ளைப் பட்டை கட்டினு நிக்குது உன் ஏரோப்ளேன்? யாருக்கு அடிபட்டுது?

கிருபா: இனிமே யாருக்கும் படக் கூடாதுன்னு சிஸ்டர் முன்கூட்டியே கட்டுப் போட்டுட்டாங்க பாய்.

ஹமீத்: சலாம் சிஸ்டர். ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போய்ட்டு வந்து படுக்காம இந்த மணல்ல நிக்கிறீங்க. இவன் ஒரு பேஜார் புடிச்ச ஆளு.

மலர்: நீங்களும்தான் ஞாயித்துக்கிழமை வண்டி ஓட்டுறீங்க பாய்.

ஹமீத்: எங்க ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் லீவு. ஞாயித்துக்கிழமை ஃபுல் வேலை. தோல்லேருந்து வழிச்ச சதை, கொழுப்பு... வண்டி நெறைய இருக்குது. வாசனை வரல?

மலர்: பஸ் ஸ்டாண்டுலேருந்தே வருது.

ஹமீத்: உங்களுக்கு நாத்தம், அதுங்களுக்கு பிரியாணி. வண்டி சத்தம் கேட்டதும் பாருங்க, ஒவ்வொண்ணா வந்து சுத்துது. இன்னும் பத்து நிமிஷத்துல அந்தப் பள்ளத்துல கொட்டுவேன். ஊர்ல இருக்கிற பருந்தெல்லாம் அங்கதான் இருக்கும்.

கிருபா: அந்த நேரத்துக்குத்தான் பாய் காத்துனு இருக்கோம். அதுங்க அங்க சாப்பிடும்போது நாங்க இங்க ஓட்டிட்டு எறக்கிடுவோம்.

மலர்: அந்தத் தைல மரத்துலருக்கிற ஜோடியும் வருமா பாய்? அதுங்கதான் எங்களுக்கு முக்கியம்.

ஹமீத்: ஆம்பளை எப்பவும் மொதல் ஆளா வந்து நிக்கும். பொம்பளை போன வாரம் வரைக்கும் கூட்டை விட்டு நகரல. ரெண்டு நாளா அதுவும் வருது. மரத்துக்குப் பக்கத்துல பம்பு ரூம் மேல ஏறிப் பாத்தேன், குஞ்சு ரெண்டும் வெள்ளைப் பஞ்சு மாதிரி இருக்குது. பசி ஜாஸ்தி போல, வாயைப் பொளந்துனே இருக்குதுங்க.

மலர்: பக்கத்துல போனீங்களா? உங்களை அடிக்கல?

ஹமீத்: சோறு போடறவனை அடிக்குமா? நம்ம தோஸ்த் அது. தலைமேல வந்து பாத்துட்டுப் போவும், அவ்ளோதான். ஆமா, இன்னொண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த ரிமோட்டுப் பெட்டி எங்க வாங்கினது?

கிருபா: வாங்கல பாய். எங்க கம்பெனிக்கு மாடல் போட ஒரு இத்தாலிக்காரரு வந்திருந்தாரு. ஊருக்குப் போகும்போது குடுத்துட்டுப் போனாரு. எனக்கு அடிபட்டதை ஆஸ்பத்திரியில வந்து பாத்துட்டு, விரலுக்கு வேலை குடுன்னு சொல்லிட்டு...

ஹமீத்: அப்படின்னா நீ ஓட்டணும். சிஸ்டர் எதுக்குக் கூடவே நிக்கிறாங்க? ஒரு பெட்டிக்கு மூணு கை, நான் எங்கயும் பாத்தது இல்ல.

கிருபா: வலது பக்கக் குச்சி திருப்புறதுக்கு, அதை நான் பாத்துக்குவேன். இடது பக்கக் குச்சி ஸ்பீடு. அதைத் தள்ள என் கட்டை விரலுக்கு பலம் கிடையாது. இவ என் விரல் மேல விரல் வச்சுத் தள்ளுவா.

ஹமீத்: கல்யாண ஃபோட்டோல கேக்கு வெட்டுற மாதிரி.

மலர்: பாய், வண்டியைக் கெளப்புங்க. அஞ்சரைக்கு நான் போய் ஹெப்சியைக் கொயர் பிராக்டீஸ்லேருந்து கூட்டினு வரணும்.

ஹமீத்: போறேன், போறேன். பொண்ணு நல்லாப் படிக்குதா... சரி, அப்புறம் கேக்கறேன். கொட்டுனதும் கையைக் காட்டுறேன், பாத்துக்கோ.

மலர்: ...போய்ட்டாரு. பாவம், நல்ல மனுஷன்.

கிருபா: ம்.

மலர்: ரூலு சொல்லுங்க.

கிருபா: நான் இன்னா ஸ்கூல் பையனா?

மலர்: சொன்னாத்தான் கை வைப்பேன்.

கிருபா: பம்பு ரூமைத் தாண்டி அந்தப் பக்கம் போகக் கூடாது. நான் ஏரோப்ளேனை மட்டும் பாக்கணும், நீ பருந்தை மட்டும் பாப்பே. அது தூரத்துல இருக்கும்போதே இந்தப் பக்கமாப் பாத்துத் திரும்பிச்சுன்னா...

மலர்: திரும்பிச்சுன்னா?

கிருபா: எறக்கணும்.

மலர்: நேரா நம்ம மேலயே வந்துட்டா?

கிருபா: மேல ஏத்தணும். அது மேலருந்து விழுந்துதான் அடிக்கும், கீழருந்து மேல ஏறி அடிக்க அதுக்குக் கஷ்டம். ஃபுல் ஸ்பீடுல ஏத்துனா விட்டுடும்.

மலர்: ரொம்பக் கிட்ட வந்துட்டா?

கிருபா: காத்தாடியை நிறுத்திடணும். ஏரோப்ளேன் உடைஞ்சாலும் பரவாயில்ல, அது சுத்தக் கூடாது.

மலர்: அது உடைஞ்சாலும் பரவாயில்லன்னு மனசாரச் சொல்றீங்களா?

கிருபா: மனசாரத்தான்... நாப்பது மணி நேரம் உக்காந்து பண்ணது. இருந்தாலும் மனசாரத்தான்.

மலர்: பாய் கையைக் காட்டுறாரு. பாருங்க, அப்பா... எவ்ளோ பருந்து.

கிருபா: தைல மரம்?

மலர்: ஒண்ணு போயிடுச்சு. இருங்க... இன்னொண்ணும் கெளம்புது. ரெண்டும் போயிடுச்சு.

கிருபா: வா, வா. விரலை வை.

மலர்: உங்க கட்டை விரல் எங்க?

கிருபா: குச்சி மேலதான் இருக்குது. அது மேல வை. மெதுவாத் தள்ளு... இன்னும்... இன்னும் கொஞ்சம்... போதும். வீசப் போறேன்.

மலர்: வீசுங்க.

கிருபா: போ... போ... போயிடுச்சு. சூப்பர்.

மலர்: இடது பக்கம் சாயுது.

கிருபா: நீ அதைப் பாக்காதே. நீ பருந்தைப் பாரு.

மலர்: பருந்தெல்லாம் பந்தியில உக்காந்திருக்குது. ஒண்ணும் இல்ல.

கிருபா: கொஞ்சம் ஸ்பீடு கம்மி பண்ணு. அப்படித்தான்... பாத்தியா, எவ்ளோ சாந்தமாப் போவுது.

மலர்: ம். அழகாத்தான் இருக்குது.

கிருபா: வெள்ளைப் பட்டையில வெயில் படும்போது பளபளன்னு இருக்குது. நீ ஒட்டுனது நல்லாத்தான் இருக்குது.

மலர்: இப்போதான் கண்ணு தெரியுது உங்களுக்கு.

கிருபா: மலர்...

மலர்: சொல்லுங்க.

கிருபா: ரெண்டு மாசம் ரொம்ப ஜாஸ்தி.

மலர்: மறுபடியுமா? அதுங்க குஞ்சைவிட உங்களுக்கு இந்தத் தெர்மாகோல் பெருசாப் போச்சா?

கிருபா: தெர்மாகோலுக்காகச் சொல்லல. நீ நைட் ட்யூட்டி முடிச்சு ரயில்ல வந்து வீட்டுக்குள்ள நுழையும்போது நான் டிபன் பாக்ஸைத் தூக்கினு வெளிய வர்றேன். வாரம் முழுக்க வாசப்படியிலதான் நாம ஒருத்தரை ஒருத்தர் பாக்கறோம். இந்த ஒரு மணி நேரம்தான்... அடிபட்டப்போ மிஷின் ரிப்பேருன்னு உன்கிட்ட பொய் சொன்னேன். மூணு மாசம் வீட்டுல உன் மூஞ்சியைப் பாத்துப் பேச முடியல. இந்த மணல்ல நின்னுதானே உண்மையைச் சொன்னேன்.

மலர்: ஆமா. ஏரோப்ளேனைப் பாத்துனே சொன்னீங்க. என்னைப் பாக்கல.

கிருபா: உன்னைப் பாத்திருந்தா சொல்லியிருக்க மாட்டேன்.

மலர்: ரெண்டு கையாலயும் ரெண்டு பட்டனை அழுத்துனாத்தான் தோல் வெட்டுற மிஷின் எறங்கும்னு வச்சிருக்கிறதே கை உள்ள இருக்கக் கூடாதுன்னுதான். அதுல ஒரு பட்டனை லைனிங் துண்டால கட்டி வச்சுட்டு ஒரு கையால ஓட்டியிருக்கீங்க. கேட்டப்போ எனக்கு வந்த கோவத்துக்கு...

கிருபா: கட்டினா ஒரு ஷிஃப்டுக்கு அம்பது ஜோடி ஜாஸ்தி வெட்டலாம். எல்லாரும் கட்டுறாங்க.

மலர்: எல்லாரும் கட்டுறாங்க. என் வார்டுக்கு நீங்கதானே வந்தீங்க. ட்யூட்டியில இருக்கும்போது ஸ்ட்ரெச்சர்ல யாருன்னு பாக்கறேன், என் புருஷன். கேஸ் ஷீட்டுல பேரு எழுத என் கை ஓடல.

கிருபா: இதை நீ சொன்னதே இல்ல.

மலர்: நீங்க கேக்கல. கோவம் போயிடுச்சுங்க. பயம்தான் போகல. காத்தாடி சுத்துற சத்தம் கேட்டாலே உங்க கை எங்க இருக்குதுன்னுதான் மொதல்ல பாக்கறேன். அதான் அந்த இறகைப் பாத்ததும் போதும்னு தோணிச்சு.

கிருபா: சரி... சரி மலர். எறக்கிடறேன். மே மாசம் வரைக்கும் வேணாம். ஒரு சுத்து மட்டும் சுத்திட்டு...

மலர்: இருங்க.

கிருபா: இன்னா?

மலர்: ஒண்ணு திரும்பி வருது.

கிருபா: எது? சாப்பிடப் போனதா?

மலர்: சாப்பிடப் போனதுதான். கால்ல இன்னாவோ தொங்குது... சதை. குஞ்சுக்குத் தூக்கினு வருது.

கிருபா: போறதையே பாத்துனு இருந்துட்டோம். திரும்பி வரும்னு நெனைக்கவே இல்ல.

மலர்: நேரா நம்ம வழியிலதான் வருது. எறக்குங்க, எறக்குங்க.

கிருபா: எறக்கினா அதுக்குக் குறுக்கப் போவும். அது எவ்ளோ தூரம்?

மலர்: பம்பு ரூமுக்கு இந்தப் பக்கம் வந்துடுச்சு. ஏரோப்ளேனைப் பாத்துடுச்சுங்க. கால்ல இருந்ததைக் கீழ போட்டுட்டு வருது.

கிருபா: அப்போ ஏத்தணும். தள்ளு... ஃபுல்லாத் தள்ளு.

மலர்: ஏத்துங்க, அது மேல போய்ட்டு இருக்குது... ஏரோப்ளேனைவிட உசரமாப் போயிடுச்சு.

கிருபா: இன்னும் ஏறும். இருக்கிற ஸ்பீடு எல்லாம் இதுதான்.

மலர்: இறக்கையை மடக்குது. விழப் போவுது...

ஹமீத்: சிஸ்டர். பின்னால பாருங்க. பின்னால இன்னொண்ணு...

மலர்: ஐயோ...

கிருபா: மலர், குனி.

மலர்: தலையில... தலையில பட்டுதுங்க...

கிருபா: குனிஞ்சே இரு. எழுந்துக்காதே.

மலர்: ஏரோப்ளேன்...

கிருபா: நிறுத்திட்டேன். இரு... இரு... புடிச்சுடுச்சு. விடு... விட்டுடு ராஜா, அது ஒண்ணும் இல்ல, வெறும் தெர்மாகோல்...

மலர்: அடிபட்டுதா? எனக்குத் தெரியல, சொல்லுங்க.

கிருபா: ரெண்டும் சேர்ந்து உருளுது... விட்டுடுச்சு. விட்டுடுச்சு மலர். அது மேல போவுது. கொஞ்சம் ஸ்பீடு... போதும்... வா... மணல்ல வா... எறங்கிடுச்சு.

மலர்: பருந்து?

கிருபா: நீயே பாரு. எழுந்து பாரு, இப்போ ஒண்ணும் வரல.

மலர்: ரெண்டு இறக்கையும் நல்லா அடிக்குதா? ஒரு பக்கம் தொங்குதா?

கிருபா: நல்லாத்தான் அடிக்குது. பாரு, மரத்துல போய் உக்காருது. அந்தா, உன்னை அடிச்ச பருந்தும் போய்ப் பக்கத்துல உக்காந்துடுச்சு.

மலர்: ஆண்டவரே...

கிருபா: தலையைக் காட்டு. ரத்தமா?

மலர்: கீறல்தான். விடுங்க, நான் பாத்துக்கறேன்.

ஹமீத்: சிஸ்டர், இன்னா ஆச்சு? நான் ஓடி வர்றதுக்குள்ள... மன்னிச்சுக்கோங்க, எனக்கே தெரியல. எடுத்துனு போய் ஊட்டும்போது அதுங்க யாரையும் விடாதுன்னு நான் சொல்லியிருக்கணும்.

மலர்: அதெல்லாம் ஒண்ணும் இல்ல பாய். கொண்டை போட்டிருந்ததால பொழைச்சேன்.

ஹமீத்: அது கீழ போட்ட சதையை நான் அந்த மரத்தடியில கொண்டு போய்ப் போட்டுடறேன். குஞ்சுங்க பட்டினியா இருக்கக் கூடாது. கிருபா, நீ கிட்டப் போகாதே, உன் மேல அதுக்கு இப்போ நம்பிக்கை கிடையாது.

கிருபா: சரி பாய். ரொம்ப தேங்க்ஸ்.

மலர்: ...தண்ணி இருக்குதா?

கிருபா: இந்தா. உக்காரு.

மலர்: ஏரோப்ளேன் இன்னா ஆச்சு?

கிருபா: இறக்கையில நாலு ஓட்டை. உன் பிளாஸ்திரி மேலயே நகத்தைப் பதிச்சிருக்குது. காத்தாடி உடையல, ஒண்ணும் ஆவல. சுத்தாம நின்னுட்டதால அதுக்கும் ஒண்ணும் ஆவல.

மலர்: ஆமா. அது எப்படி நின்னுது?

கிருபா: எது?

மலர்: காத்தாடி. நான் ஃபுல் ஸ்பீடுல வச்சிருந்தேன். பருந்து தலையில அடிச்சதும் ரெண்டு கையாலயும் தலையைப் பிடிச்சுனு குனிஞ்சுட்டேன். குச்சியை விட்டுட்டேன்.

கிருபா: பேட்டரி டவுன் ஆயிருக்கும்.

மலர்: அப்புறம் கொஞ்சம் ஸ்பீடு வச்சு மணல்ல எறக்குனீங்களே, டவுன் ஆன பேட்டரியிலயா?

கிருபா: நீ விட்டதும் குச்சி தானா கீழ வந்திருக்கும்...

மலர்: அந்தக் குச்சி விட்ட எடத்துலயே நிக்கும், தானா வராதுன்னு மொத நாளே எனக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான். வலது கை வலது குச்சியிலதான் இருந்துது. அதை நான் குனிஞ்சுனே பாத்தேன்.

கிருபா: மலர்...

மலர்: கட்டை விரலைக் காட்டுங்க. இப்போ மடக்குங்க.

கிருபா: இந்தா, பாரு.

மலர்: மடங்குது.

கிருபா: மடங்குது.

மலர்: எப்போலேருந்து?

கிருபா: கிறிஸ்துமஸுக்கு முன்னால. ஹெப்சிக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுனு இருந்தேன். கட்டி முடிச்சப்புறம்தான் கவனிச்சேன், அந்த விரலும் சேர்ந்து வேலை செஞ்சிருக்குதுன்னு. ரொம்ப நேரம் அதையே பாத்துனு உக்காந்திருந்தேன்.

மலர்: அந்த நிமிஷமே வந்து சொல்லத் தோணலையா?

கிருபா: ரயில்ல வந்துனு இருந்த உனக்குப் போன் பண்ணலாம்னு போனைக்கூட எடுத்தேன். அப்புறம் நெனைச்சேன்... விரல் சரியாப் போச்சுன்னா நீ இன்னா சொல்லுவே? நல்லதாப் போச்சு, இனிமே நீங்களே ஓட்டுங்க, நான் வீட்டுல ஒரு மணி நேரம் தூங்கறேன்னு சொல்லுவே. அதுல தப்பும் கிடையாது. வாரத்துல அஞ்சு நைட்டு கண்ணு முழிக்கிறவ.

மலர்: அதனால மூணு மாசமா மரத்துப் போச்சுன்னு நடிச்சீங்க.

கிருபா: நடிச்சேன். நீ தள்ளும்போது என் விரலும் சேர்ந்து போவும். உனக்குத் தெரியக் கூடாதுன்னு ரொம்ப லேசாத்தான் தள்ளுவேன்... திட்டணும்னா திட்டு மலர். ஒரு தரம் பொய் சொல்லி, அதையே கஷ்டப்பட்டு ஒத்துக்கிட்டு, மறுபடியும் பொய் சொல்லியிருக்கேன்.

மலர்: ஏரோப்ளேனைப் பையில வைங்க.

கிருபா: வச்சுடறேன். பீரோ மேல வச்சுடறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நீ தூங்கு. நானே போய் ஹெப்சியைக் கூட்டினு வந்துடறேன்.

மலர்: அடுத்த ஞாயித்துக்கிழமையும் இதே நாலு மணிக்கு வர்றோம். ஏரோப்ளேன் வேணாம், வெறும் கையை வீசினு வரலாம். மரத்துலேருந்து நல்லாத் தள்ளி, அந்தக் கரை மேல உக்காந்து குஞ்சு தலை தூக்குதான்னு பாக்கலாம்.

கிருபா: உன் தூக்கம்?

மலர்: உங்க விரல் சரியாயிடுச்சுன்னு தெரபியில பிரிசில்லா சிஸ்டர் கிறிஸ்துமஸ் கேக்கு குடுக்கும்போதே சொல்லிட்டாங்க... தூங்கணும்னு இருந்தா அன்னிக்கே தூங்கியிருப்பேன். நீங்க லேசால்லாம் தள்ளலீங்க, முழுசா நீங்கதான் தள்ளுனீங்க. மூணு மாசமா நான் விரலை மேல வச்சுனு மட்டும்தான் இருந்தேன்.